நூற்பட்டியலில் ‘திரு’ நீக்கமும் அதன் விளைவுகளும்: பெரம்பூரை முன்வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு

நூற்பட்டியலில் ஆசிரியர் பெயரை எந்த இடத்தில் வைப்பது என்பது குறித்து இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை. நிகழ்ந்திருந்தாலும் நாம் படிக்கவில்லை. ஆகவே அந்த இடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது.

ஆய்வுப் பொருள், எக்ஸ்எம்எல் கோப்பில் கிடக்கும் நூற்பதிவுகள். ஒன்றில் ஆசிரியர் இருப்பார்; இன்னொன்றில் பதிப்பாசிரியர் மட்டும்; வேறொன்றில் இருவருமே இல்லை. எக்ஸ்எஸ்எல்டி என்னும் உருமாற்று மொழி கொண்டு இவற்றை அகரவரிசையில் அடுக்க வேண்டும். ஒரே ஆசிரியர் உள்ள நூல்களில் சிக்கல் இல்லை. எனவே அவை ஆய்வுக்குத் தகுதியற்றவை.

‘ஆசிரியர், பதிப்பாசிரியர், தலைப்பு: இவற்றில் முதலாவது’ என்று கட்டளையிடும்போது நடுவே செங்குத்துக் கோடு போட்டால், கோப்பில் எது முன்னால் கிடக்கிறதோ அதுதான் வரும். அம்மொழியின் இரண்டாம் பதிப்பில் காற்புள்ளி போடலாம்; நாம் சொன்ன வரிசை நிலைக்கும். ஆசிரியர் பலராக இருந்தால், 1999-இல் வந்த முதற்பதிப்பு முதற்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களைச் சத்தமின்றி விட்டுவிடும். நெறியாளர் பெயர் முதலிலும் எழுதிய மாணவர் பெயர் கடைசியிலும் வரும் நம் ஆய்விதழ்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. 2007-இல் வந்த இரண்டாம் பதிப்போ, இத்தனை பேரா என்று பிழை காட்டி நின்றுவிடும். அதைப் பல்கலைக்கழகங்களுக்குப் பரிந்துரைக்க இயலவில்லை.

யூனிகோடு எண்வரிசையில் ழகரம் வகரத்துக்கு முன்னால் வருவது தனி நூலுக்குரிய துயரம்.

முன்னெழுத்துக்கு வருவோம். நூல்களை வகைப்படுத்த 1933-இல் கோலன் பகுப்பு முறையைத் தந்த எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரிலேயே முதலில் நிற்பது சீர்காழி, அடுத்து அப்பா ராமாமிர்தம், கடைசியில்தான் அவர்.

இனி மையச் சிக்கல். 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது முன்னின்றவர்களில் ஒருவர் திரு.வி.க. மரியாதைச் சொற்களை நீக்கும் நிரல் ஒன்று அவரது ‘திரு’வையும் நீக்கி, ‘வி.க.’ என வகரத்தில் தள்ளியது. அந்தத் ‘திரு’வோ மரியாதை அன்று, திருவாரூர். நிரல் ஓர் ஊரையே பறித்துவிட்டது.

இதில் மூன்று கொள்கைகள் உள. நீக்குக என்பர் ஒரு சாரார். நீக்கற்க என்பர் மறு சாரார். இரட்டைத்திருக் கொள்கையரோ, ‘திரு. திரு.வி.க.’ என்று எழுதிவிட்டால் நிரல் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவைக்கும் என்பர் (காண்க: பெரம்பூர் பாரக்ஸ் ரோட்டு டீக்கடை, பெஞ்சின் தென்முனை, வாய்மொழி). நிரல் இருமுறை ஓடினால்? மூன்று திரு வேண்டும். பத்து முறை ஓடினால் பதினொன்று. ஓட்டத்தை விடத் திரு எப்போதும் ஒன்று கூடுதலாக இருத்தல் வேண்டும் என்னும் இவ்விதி, மேற்படி கடையில் பஜ்ஜி மடித்த நாளிதழின் இடப்பக்க ஓரத்தில், எண்ணெய் பரவாத பகுதியில், பென்சிலால் நிறுவப்பட்டுள்ளது (ஒப்பிடுக: அதே தாள், மறுபக்கம், வரன் தேவை விளம்பரத்துக்கு மேல்; அங்கே கணக்கு ஒன்று குறைகிறது, ஆனால் அது டீ பாக்கியாகவும் இருக்கலாம்).

இக்கட்டுரை அச்சேறும் நேரத்தில் யாரோ அப்பதிவை ‘அமரர் திரு. திரு.வி.க.’ என்று திருத்தியிருக்கிறார்கள். இப்போது அவர் அகரத்தில் இருக்கிறார். அமரர் நீக்க நிரல் தயாராகி வருகிறது.