கடல் தொந்தரவு இல்லாத கப்பல்

எழுத வரவில்லை என்று புலம்பும் நண்பர்களுக்கு இப்போதெல்லாம் ஒரே மருந்துதான் சொல்கிறேன்: குடும்பத்தோடு உல்லாசக் கப்பல் ஏறுங்கள். மயாமியில் ஏறி, கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு, மயாமியிலேயே இறங்க வேண்டும். எழுத்தாளனுக்கு இதைவிடத் தோதான இடத்தை இன்னும் யாரும் கட்டவில்லை.

முதல் வசதி, கடல் கண்ணில் படாது. அலையைப் பார்த்துப் பார்த்தே கெட்டுப்போன கவிஞர்கள் எத்தனை பேர்! அந்த ஆபத்து இங்கே கிடையாது. 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலின் நீளம் 365 மீட்டர். இருபது தளம், ஏழு நீச்சல் குளம், ஆறு வாட்டர் ஸ்லைடு, நிரம்பினால் 7,600 பயணிகள். இத்தனையும் இருக்க, கடலைத் தேடிப் போய்ப் பார்க்கிறவன் வேலைவெட்டி இல்லாதவனாகத்தான் இருக்க வேண்டும். ஜன்னல் இல்லாத உள் கேபின்காரர்களையும் கப்பல்காரர்கள் மறக்கவில்லை. 2011-இல் வந்த டிஸ்னி ட்ரீம் கப்பலில் அந்த அறைச் சுவர்களில் வட்டமாக ஒரு திரை வைத்தார்கள். வெளியே கேமரா பிடிக்கும் கடல் அதில் ஓடும். நடுநடுவே கார்ட்டூன் பாத்திரங்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். நடுக்கடலில் உட்கார்ந்து கடலை டிவியில் பார்க்கும் பாக்கியம் கொலம்பஸுக்குக்கூட வாய்க்கவில்லை.

அடுத்தது தனிமை. எழுதுகிறவன் உடம்புக்கு அது ஆகாது என்று கப்பல்காரர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நோட்டைத் திறந்து ஒரு வரி ஆரம்பித்தேன். மேல் பங்க்கிலிருந்து மகன், “அப்பா, என் கண்ணாடி எங்க?” ஒலிபெருக்கியில் பிங்கோ அறிவிப்பு. கதவைத் தட்டிக்கொண்டு அத்தை: “மாப்பிள்ளை, மேல தயிர் சாதம் இருக்கான்னு ஒரு எட்டு பார்த்துட்டு வாங்களேன்.” மனைவியின் அம்மா கேட்டு மறுக்க முடியுமா? பஃபேயில் உலகத்துச் சாப்பாடெல்லாம் இருந்தது; தயிர் மட்டும் ஸ்ட்ராபெரி போட்ட தயிர். சோற்றில் அதைப் பிசைந்து, உப்பும் போட்டு ஒரு வாய் வைத்துவிட்டு அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு நாவலுக்கான விஷயம் இருந்தது. எழுதினால் வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

இப்பேர்ப்பட்ட கப்பலுக்கு எழுத்தாளர்கள் காட்டிய நன்றியைச் சொன்னால் வெட்கக்கேடு. 1867-இல் குவேக்கர் சிட்டி என்ற கப்பலில் ஐந்து மாதம் மத்தியதரைக் கடல் பக்கம் சுற்றினார் மார்க் ட்வெய்ன். டிக்கெட் பணம் பத்திரிகை கொடுத்தது. திரும்பி வந்து, 1869-இல் சகபயணிகளைக் கிண்டலடித்தே ஒரு தடித்த புத்தகம் போட்டார். 1995-இல் ஹார்ப்பர்ஸ் பத்திரிகை டேவிட் ஃபாஸ்டர் வாலஸை ஒரு வாரம் அனுப்பியது. உபசாரம் தாங்காமல் மனசு நொந்துபோனதை அவர் பக்கம் பக்கமாக எழுதினார். ஐகானின் முதல் பயணத்தில் அட்லாண்டிக் பத்திரிகைக்காகப் போன கேரி ஷ்டெயின்கார்ட்டும் அதே வழிதான். மூன்று பேருமே குடும்பத்தைக் கூட்டிப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புலம்ப நேரம் கிடைத்ததே அதனால்தான். (ட்வெய்ன் மட்டும் கொஞ்சம் பிழைக்கத் தெரிந்தவர். கூட வந்த பயணி ஒருவரின் அக்காவை 1870-இல் கல்யாணம் செய்துகொண்டார்.)

கரை இறங்கினால் உள்ளூர் மனிதர்கள், அவர்கள் கஷ்டம் என்று மனசு கலங்கிவிடுமே என்பீர்கள். அதற்கும் ஏற்பாடு உண்டு. ஹைத்தி நாட்டில் லபாடி என்ற கடற்கரையை ராயல் கரீபியன் நிறுவனம் 1986 முதல் குத்தகைக்கு எடுத்து, வேலி போட்டு வைத்திருந்தது. 2010 ஜனவரி 12-ஆம் தேதி நிலநடுக்கம் அந்த நாட்டின் தலைநகரைத் தரைமட்டமாக்கியது. மூன்று நாள் கழித்து, குறித்த தேதியில், உல்லாசக் கப்பல் லபாடியில் வந்து நின்றது. நிவாரணப் பொருளும் கொண்டுவந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். பயணிகள் இறங்கிக் குளித்தார்கள். சிலர் மட்டும் இறங்க மனமில்லாமல் கப்பலிலேயே இருந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவர்களுக்குக் கற்பனை வளம் கொஞ்சம் ஜாஸ்தி போலிருக்கிறது. வேலி இருந்தும் அந்தப் பக்கம் தெரிந்திருக்கிறது.

கப்பலில் கலை வளரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராத்திரி அறைக்குத் திரும்பினால் கட்டிலில் ஒரு யானை நிற்கும். மறுநாள் குரங்கு, அதற்கடுத்த நாள் அன்னம். எல்லாம் குளியல் துண்டில் மடித்தவை. யானைக்கு என் மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தார் அறையைப் பார்த்துக்கொள்ளும் பையன். வார விடுமுறை இல்லாமல், வீட்டை விட்டு மாதக்கணக்கில் ஒப்பந்த வேலை. எத்தனையோ அறைகள், அறைக்கு ஒரு மிருகம். வேளைக்கு நாலு தரம் சாப்பிட்டுவிட்டு உத்வேகத்துக்காகக் காத்துக் கிடந்த எனக்கு ஒரு வரி ஓடவில்லை.

ஆகவே தயங்காமல் போய் வாருங்கள். சேவைக் கட்டணம் என்று பில்லிலேயே ஒரு தொகை சேர்த்திருப்பார்கள். அதோடு விட்டுவிடாமல், இறங்கும்போது அந்தப் பையன் கையில் தனியாக ஏதாவது கொடுங்கள்.