நாடிக்கு நாடா

சுருவில் வீட்டுத் திண்ணையில் பெரியம்மா உள்பாவாடைக்கு நாடா கோர்க்கிற நேரம் பார்த்துத்தான் நான் பெருநாடியின் வரலாற்றைத் தொடங்கினேன். நாடா நுனியில் ஊக்கைக் குத்தி, துணிக்குள் விட்டு, விரலால் நெருடி நெருடித் தள்ளியபடி, "சொல்லு மோனை, கேக்குது" என்றா.

வயிற்றுக்குள் 2 சென்ரிமீற்றர் அகலத்தில் ஓடுகிற இரத்தக்குழாய் அது. சுருட்டும் கையுமாய்த் திரிந்த கிழவர் சிலருக்கு, பழைய சைக்கிள் ரியூப் போல ஓரிடத்தில் புடைக்கும். வெடித்தால், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பண்ணைப் பாலம் தாண்டுமுன் கதை முடிந்துவிடலாம்.

இதற்குத் துரைமார் பார்த்த வைத்தியங்கள் இருக்கே! 1817இல் லண்டனில் அஸ்ற்லி கூப்பர் பெருநாடியையே நூலால் கட்டிவிட்டார். நோயாளி 40 மணித்தியாலம் இருந்தார். கூப்பரின் புகழ் இன்னும் இருக்கிறது. 1864இல் சார்ள்ஸ் மூர், இரத்தம் உறையட்டும் என்று, ஒருவரின் நெஞ்சுப் பெருநாடி வீக்கத்துக்குள் 26 யார் இரும்புக்கம்பியைத் திணித்தார்.

"ஆளுக்கு வைத்தியம் பாத்தவரோ, காணிக்கு வேலி அடைச்சவரோ?"

1948இல் ஐன்ஸ்ரைனின் நாடியை நிசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் செலோபேனால் சுற்றினார். இனிப்புச் சுற்றுகிற அதே கண்ணாடித்தாள்தான். சிரிக்கவேண்டாம், ஆறு வருசத்துக்கு மேல் தாங்கியது. 1955இல் வெடித்தபோது, இனிக் கத்தி வேண்டாம் என்றுவிட்டார் அந்த மனிதர்.

ஹூஸ்ரனில் டிபேக்கி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் நைலோன் வாங்கத் துணிக்கடைக்குப் போனார். முடிந்துவிட்டதாம். டேக்ரன் துணியை வாங்கிவந்து, பழுதான நாடிக்குப் பதிலாக வைக்க, மனைவியின் தையல் மெசினில் தானே குழாய் தைத்தார். தையல் அவருக்கு அம்மா பழக்கினது.

பெரியம்மா இப்போதுதான் நிமிர்ந்தா. "மெசின் சிங்கரோ?"

அந்தக் குழாயை வைக்க வயிற்றை மேலிருந்து கீழ் கிழிக்கவேண்டியிருந்தது. 1990 செப்ரெம்பர் 7, புவனஸ் ஐரிஸில் பரோடி என்ற நிபுணர் வயிற்றை விட்டுவிட்டுத் தொடை இடுக்கு நாடியால் கம்பியை ஏற்றி, அதன் வழியே மடித்த குழாயைத் தள்ளி, உள்ளே விரித்தார். 1994இல் நொட்டிங்காமில் வெடித்த நாடிக்கே அதைச் செய்தார்கள். இன்று பலருக்கு முழு மயக்கமும் இல்லை, தொடை இடுக்கில் விறைப்பு ஊசிதான். மயக்கினால் வயிற்றுத் தசை தளர்ந்து, இரத்தத்தை அமுக்கிப் பிடித்திருந்த அணை போய்விடுமே. நாடி வெடித்ததாகச் சந்தேகித்த 613 பேரை வைத்து 2014இல் கணக்குப் பார்த்தபோது, 30 நாளில் இறந்தவர் வீதம் இரண்டு வழியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெண்களுக்கு மட்டும் புதுவழி கூடுதலாகக் கைகொடுத்தது.

"உதைத்தானே நான் இவ்வளவு நேரமாச் செய்யிறன்" என்றபடி வெளியே வந்த ஊக்கைப் பெரியம்மா வெற்றியோடு இழுத்தா. மற்ற நுனி வழுக்கி உள்ளே போய்விட்டது.

"அவங்கட குழாயும் இப்பிடி வழுக்கினதோ?"

"ஆரம்பத்தில சிலருக்கு வழுக்கினதுதான். பிறகு கொக்கி வைச்சவங்கள்."

நாடாவை முழுக்க உருவி, ஊக்கை மறுபடி குத்தினா. இந்தமுறை மற்ற நுனியில் ஒரு முடிச்சு.