புளியோதரையும் நூற்றெண்பத்தேழரையும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் கழிந்ததும் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் ஒரு புது இனம் நடமாடத் தொடங்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் பிளாஸ்டிக் ஃபைல், கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அந்தப் பையிலிருந்து நல்லெண்ணெய் வாசம் வரும். அவருக்குப் பத்தடி முன்னால், இந்த மனிதரை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்ற பாவனையில், காதில் ஹெட்செட்டோடு ஒரு பெண் நடந்துபோவாள். அவர் அப்பா. அவள் மகள். இரண்டு பேரும் காலேஜ் பார்க்கப் போகிறார்கள்.

பெண் பார்க்கலாம், வீடு பார்க்கலாம், மாடு பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். இஞ்சினீயரிங் காலேஜில் அந்த வசதி கிடையாது. கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது, ஆக இருநூறுக்குக் கட் ஆஃப். அந்த எண் எங்கே கை காட்டுகிறதோ அங்கே சீட். மகள் கணக்கில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 93. கூட்டிக் குறைத்தால் 187.5. இனி அப்பா கேட்டைப் பார்த்தாலும் ஒன்றுதான், போஸ்டரைப் பார்த்தாலும் ஒன்றுதான். பிறகு எதற்கு நேரில் போவது என்று யாராவது கேட்டால், நம்மவர் அவர்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். “பாக்காம எப்படிங்க?”

நம்மவர் தென்காசிப் பக்கம். ஒரு அலுவலகத்தில் எழுத்தர். இந்த வகை அப்பாக்களில் இவரை உயர்ரக மாதிரி என்று சொல்லலாம். பயணத்துக்கு அவர் ஒதுக்கிய பட்ஜெட்: நாலு நாள், மூணு ராத்திரி, நாலாயிரம் ரூபாய். கோவை, சென்னை, மதுரை என்று மூன்று ஊர். மூன்று ராத்திரியும் பஸ்ஸில். “ரூம் போட்டாலும் தூங்கத்தானே போறோம்? பஸ்ஸு தூங்கவும் விடும், ஊருக்கும் கொண்டுபோயி விடும்.” குளியலுக்குக் கோவையில் பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் குளியலறை, சென்னையில் சித்தப்பா மகன் வீடு. மதுரைக்கு நேராக ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதியிருந்தார்.

அவருக்கு மனதில் ஒரே ஒரு குறை. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் போதும். நம்மவரோ அந்தக் காலத்தில் தபால் வழியில் பி.காம் சேர்ந்து, மூன்று அரியரை ஆறு வருடம் துரத்திப் பிடித்துப் பட்டம் வாங்கியவர். அந்தப் பட்டத்தால் அவருக்கு இதுவரை ஒரு பைசா வந்ததில்லை. இப்போது போகிறது. “அந்தக் கடைசி அரியர எழுதப் போன அன்னைக்கு நல்ல மழை. பேசாம வீட்டுலயே இருந்திருக்கலாம்” என்று அடிக்கடி சொல்வார்.

கோவை பஸ்ஸில் ஏறியபோது கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ராஜபாளையத்தில் கொஞ்சம் முன்னால் இரண்டு இடம் காலியானது, நகர்ந்தார்கள். மதுரையில் இன்னும் முன்னால் இரண்டு. நம்மவர் வெற்றிப் பெருமிதத்தோடு சொன்னார்: “கவுன்சிலிங்குல ‘அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்’னு ஒண்ணு இருக்குல்லா, அது இதுதாண்டி. மொதல்ல கெடச்சதுல உக்காரணும். மேல காலியானா நகந்துக்கிடணும். விட்டுட்டு எந்திரிச்சு நின்னோம்னா ரெண்டும் போயிரும்.” உதவி மையத்தில் அரைமணி நேரம் விளக்கியும் மகளுக்குப் புரியாத விதி, திண்டுக்கல் தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது. அவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கோவையில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், மகளுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாத சாதாரணக் கட்டணப் பஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நடுவில் நாலு பஸ் போனது. பதினைந்து ரூபாயை மிச்சப்படுத்த ஐம்பது நிமிடம் வெயிலில் நின்றதில் தாகம் எடுத்து, ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்ததில் நாற்பது ரூபாய் ஆனது. நோட்டில் அதைக் ‘கல்வி’ என்ற தலைப்பில் எழுதிக்கொண்டார்.

தடாகம் ரோட்டில் இருக்கும், 1945-இல் தொடங்கிய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, பீளமேட்டில் 1951-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. இரண்டையும் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால், வாட்ச்மேனைப் பார்த்தார்கள். முதல்வர், துறைத் தலைவர் எல்லாரும் இருப்பது விளம்பரத்துக்கு, உண்மை இருப்பது வாட்ச்மேனிடம் என்பது நம்மவர் கொள்கை. பேச்சை எப்போதும் சொந்த ஊர் எது என்பதில் தொடங்குவார்.

“மெஸ்ஸுல சாப்பாடு எப்படி அண்ணாச்சி?”

“பசிச்சா நல்லாத்தானுங்க இருக்கும்.”

“தண்ணி?”

“வருதுங்க.”

“பொம்பளப் பிள்ளையள எத்தன மணிக்கு உள்ள விடுவீக?”

வாட்ச்மேன் மகளைப் பார்த்தார். மகள் வேப்பமரத்தைப் பார்த்தாள்.

நம்மவரின் நோட்டில் ஒவ்வொரு காலேஜுக்கும் ஐந்து கட்டம். பஸ் ஸ்டாப்பிலிருந்து எத்தனை நடை, குடிநீர், கழிப்பறை, நிழல், டீ விலை. லேபில் என்ன மெஷின் இருக்க வேண்டும் என்று அவருக்குக் கேட்கத் தெரியாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கத் தெரியும். தெரிந்ததைப் பார்த்தார்.

அன்று மத்தியானம் ஊருக்கு வெளியே, கோபுரம் போல வாசல் வைத்த ஒரு தனியார் காலேஜுக்கும் போனார்கள். அங்கே கதை வேறு. கேட்டிலேயே வணக்கம் சொல்லி, ஏசி ஹாலில் உட்கார வைத்து, ரோஸ் மில்க் கொடுத்து, குழந்தை கனத்துக்கு ஒரு வண்ணப் புத்தகமும் தந்தார்கள். சுவரெல்லாம் கோட்டு போட்ட பையன்கள், ஒவ்வொருவர் கீழும் சம்பளத் தொகை. நம்மவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “இந்தப் பயல வர்ற வழியில வேற காலேஜு போர்டுலயும் பாத்தோமேடி.” மகள் முழங்கையால் இடித்தாள். கட்டணத்தைப் பற்றிக் கேட்டதும், அதுவரை தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் ஆங்கிலத்துக்கு மாறினார். நம்மவருக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டில் ஐஸ்க்ரீம் வரை அமைதியாகச் சாப்பிட்டு, “வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்” என்று எழுந்தார். புத்தகம் இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். தாள் வழுவழுப்பு, பாடப் புத்தகத்துக்கு அட்டை போட ஆகும்.

கையில் புளியோதரை மிச்சமானது. ராத்திரிக்கு ஆச்சு.

மறுநாள் விடிகாலையில் “சென்னை, சென்னை” என்று கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து சென்னைக்கு இன்னொரு பயணம் உண்டு என்பது இறங்கிய பிறகுதான் தெரியும். நல்லவேளை, சித்தப்பா மகன் வீடு வழியிலேயே குரோம்பேட்டையில். ஊரிலிருந்து சுமந்துவந்த இரண்டு கிலோ மாம்பழத்தை ஒப்படைத்து, இரண்டு குளியலும் எட்டு இட்லியும் பெற்றுக்கொண்டார். மாம்பழம் 160, ரூம் போட்டிருந்தால் 1,000, லாபம் 840 என்று நோட்டில் ஏறியது.

குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வாசலில் நின்றதும் அவருக்குக் குரல் தழுதழுத்தது. “அப்துல் கலாம் இங்கதான் படிச்சாரு. ஃபீஸு கட்ட வழியில்லாம அவரு அக்கா வளையலையும் செயினையும் அடகு வச்சுப் படிக்க வச்சாங்க, தெரியுமா?”

“எனக்கு அக்கா இல்லப்பா. தம்பிதான் இருக்கான். அவன்கிட்ட சைக்கிள்தான் இருக்கு. அதுவும் பஞ்சர்.”

மின்சார ரயிலில் கிண்டி. அங்கிருந்து நடை. சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் நின்று நம்மவர் தலவரலாறு சொல்லத் தொடங்கினார். 1794-இல் சர்வே பள்ளியாகத் தொடங்கியது, அப்போது மாணவர்கள் எட்டே எட்டுப் பேர். “எட்டுப் பேரு! அன்னைக்கு வந்திருந்தா சீட்டு நிச்சயம்.”

“பொண்ணுங்கள சேத்திருக்க மாட்டாங்க” என்றாள் மகள். முதல்முறையாக ஹெட்செட்டைக் கழற்றியிருந்தாள். அவளே சொன்னாள். 1940களில்தான் இங்கே பெண்கள் முதன்முதலாகப் படித்து முடித்தார்கள், மூன்று பேர். அதில் லலிதா என்பவர் பதினெட்டு வயதில், கைக்குழந்தை இருக்கையில் கணவரை இழந்தவர். அவருக்கு அச்சடித்துத் தந்த பட்டத்தில் ‘அவன்’ என்று இருந்ததை அடித்துவிட்டு ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்களாம். சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் போய் நின்றவர் அவருடைய அப்பா. இங்கேயே பேராசிரியர்.

நம்மவர் கொஞ்ச நேரம் அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் கண்ணைப் பார்த்தாள், கலங்கியிருக்குமோ என்று.

“இங்கயே வேலைன்னா பஸ் செலவு கெடயாது பாத்துக்க” என்றார்.

வளாகத்தைச் சுற்றி வரும்போது இன்னொரு துக்கம். 2017 வரை கவுன்சிலிங் இங்கே நேரில் நடந்தது. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் பிள்ளைக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் அரசுப் பஸ்ஸில் பாதிக் கட்டணம். 2018-இல் அது ஆன்லைன் ஆகிவிட்டது. வீட்டிலிருந்தபடியே சீட் வாங்கலாம், ஒரு பைசா பஸ் செலவில்லை என்று மகள் சொல்லிப் பார்த்தாள். “அது செலவில்லாம இருக்கறது. அது வேற. இது பாதி டிக்கெட்டு. பாதி டிக்கெட்டோட சொகம் ஒனக்குத் தெரியாது” என்றார்.

மூன்றாம் ராத்திரி மதுரை பஸ். விடிந்ததும் திருப்பரங்குன்றம். 1957-இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. முருகனும் அங்கேதான் இருக்கிறார். ஒரே பஸ் செலவில் இரண்டு காரியம். கோயிலில் மகளின் ரேண்டம் எண்ணைச் சொல்லி அர்ச்சனை செய்தார். கட் ஆஃப் தொடங்கிப் பிறந்த தேதி வரைக்கும் இரண்டு பேருக்கு ஒன்றாக இருந்தால்தான் அந்தப் பத்து இலக்க எண்ணுக்கு வேலையே வரும். ஆனாலும் நம்மவர் அதைக் கூட்டிப் பார்த்து ஆறு வருகிறது, முருகனுக்கு உகந்தது என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அர்ச்சகர் பத்து இலக்கத்தையும் நட்சத்திரம் போல ஒப்பித்தார்.

சன்னதியிலிருந்து வெளியே வந்தபோது நம்மவருக்குச் செருப்பு கடித்து நடக்க முடியவில்லை. ஓர் ஆட்டோ வந்து நின்றது. “காலேஜுக்கா சார்? நூத்தம்பது குடுங்க.” அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “ரோட்டுல ஷேர் ஆட்டோ பத்து ரூவாதானண்ணே? எங்கப்பாவுக்குக் கால் வலி. அம்பது ரூவான்னா ஏறுதோம்.”

அறுபதில் முடிந்தது. நம்மவர் அறுபது ரூபாய் செலவானதற்கு வருத்தப்படவே இல்லை. காலேஜ் வாசலில் இறங்கி, நொண்டி நொண்டி அவர் நிமிர்வதற்குள் மகள் வாட்ச்மேனிடம் போயிருந்தாள். “அண்ணே, ஹாஸ்டல்ல தண்ணி எத்தன மணி வரைக்கும் வரும்?”

ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்ததில் 3,870 ரூபாய். மிச்சம் 130. நோட்டில் வரிசைப்படுத்திய காலேஜ்களை மகள் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பார்த்தவை மேலே. அதன் கீழே, பார்க்காதவை, கேள்விப்பட்டவை, பேர் நன்றாக இருந்தவை என்று போய் மொத்தம் எண்பத்திமூன்று.

அலாட்மெண்ட் வந்த அன்று வீடே கம்ப்யூட்டர் முன்னால் கூடியது. கிடைத்தது முப்பத்தேழாவது. சேலம் பக்கம் ஒரு காலேஜ். நாலு நாளும் மூணு ராத்திரியும் அலைந்த வழியில் அந்த ஊர் இல்லவே இல்லை. நோட்டில் அதற்கு நேராக ஐந்து கட்டமும் வெறுமையாக இருந்தன.

“அக்செப்ட் அண்ட் அப்வேர்ட் குடுத்துட்டேன்” என்றாள் மகள். “கெடச்சதுல உக்காந்தாச்சு.”

நம்மவர் ஒன்றும் பேசாமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராத காலேஜுக்குப் பிள்ளையை எப்படி அனுப்புவது? மகள் நோட்டை அவர் கையிலிருந்து வாங்கினாள். புதுப் பக்கம் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.

“வெள்ளிக்கிழம ராத்திரி மதுரை போயி மாறினோம்னா விடியக்காலம் சேலம்ப்பா. ரூம் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுலயே குளிச்சுக்கிடலாம்.”

அடுக்களையில், யாரும் சொல்லாமலே, புளி ஊறத் தொடங்கியிருந்தது.