பந்து பிடித்த நாய்

பந்துப் பித்து நாய்க்கு வரும் கோளாறு. அதன் வலி மட்டும் மனிதரின் வலது தோளில் தெரியும். பந்தை எறிந்தால் ஓடிப்போய்க் கவ்விவருவது சாதாரண நாய். யாரும் எறியாதபோதும் பந்தோடு வந்து நிற்கிற நாய், சோற்றுத் தட்டைத் தாண்டிப் போய்ப் பந்தைப் பார்க்கிற நாய், பந்து பீரோவுக்கு அடியில் உருண்டுவிட்டால் அதை எடுத்துத் தரும்வரை வீட்டில் ஒருவரையும் உட்காரவிடாத நாய்தான் பந்து நாய்.

எல்லா நாய்க்கும் இது வருவதில்லை. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில், குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் வரும் ஊர் குள்ளஞ்சாவடி. அங்கே பரோட்டாக் கடை வாசலில் படுத்திருக்கும் நாட்டு நாயின் முன்னால் ஒரு டென்னிஸ் பந்தை உருட்டிவிட்டால் இது விளங்கும். நாய் தலையைத் தூக்கும். மனசு வைத்தால் எழுந்து நாலடி துரத்தும். பிறகு பந்தை முகர்ந்து, சால்னா வாசனை இல்லை என்று தெளிந்து, பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கால் வயிற்றுக்குக் கிடைத்த சோற்றை ஒரு ரப்பர் உருண்டைக்காக ஓடிச் செலவழிக்க அதற்குக் கட்டுப்படியாகாது. தெருநாயைப் பற்றி ஊரில் ஆயிரம் புகார் உண்டு. பந்தைக் கொண்டுவந்து மடியில் போட்டது என்று ஒரு புகார் கிடையாது.

தமிழ்நாட்டின் பேர்பெற்ற வேட்டை நாய்களும் இந்த விஷயத்தில் தேறாது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து, ஓடிப் பிடிக்கிற இனங்கள். முயலுக்குப் பின்னால் ஓடப் பழகிய கால்கள் பந்துக்குப் பின்னாலும் ஓடும். அந்த ஓட்டத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் பந்து அசையாமல் நின்றதும் விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு வெறும் வாயோடு திரும்பும். பந்தை எடுத்துவர எறிந்தவரே நடக்க வேண்டும். ராஜபாளையம் காவலுக்கும் பேர்போனது. அதற்குப் பந்தைவிட எறிந்த ஆளின் மேல்தான் சந்தேகம் வரும்.

ஆக, பித்து முழுதாக வேண்டுமென்றால் லாப்ரடார் வாங்க வேண்டும். நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர்களோடு படகில் போய், நழுவிய மீனையும் வலைக் கயிற்றையும் கடலில் குதித்து இழுத்துவந்த நாய்களின் வழிவந்தது இது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவற்றைக் கொண்டுபோய், சுட்டு வீழ்த்திய வாத்தைப் பல் பதியாமல் கவ்விவரப் பழக்கித் தனி இனமாக வளர்த்தார்கள். இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1903இல் அங்கீகாரமும் கொடுத்தது. பனிக்கடல் மீனுக்கும் சதுப்பு வாத்துக்கும் பிறந்த அந்தத் திறமைதான் குள்ளஞ்சாவடி வீட்டு ஹாலில், டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு மஞ்சள் பந்தின் மேல் பாய்கிறது.

பித்தின் காரணம் அமெரிக்க ஆய்வாளர் ரேமண்ட் காப்பிங்கர் எழுதியதைப் படித்தால் புரியும். ஓநாயின் வேட்டையை அவர் ஒரு வரிசையாகப் பிரித்துக் காட்டினார்: நிமிர்ந்து நோக்குதல், கண் வைத்தல், பதுங்கி நெருங்குதல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல், கிழித்தல், தின்னுதல். நாய் இனங்களை உருவாக்கிய மனிதர்கள் இந்த வரிசையில் வேண்டியதைக் கூட்டி, வேண்டாததைக் குறைத்தார்கள். ஆடு மேய்க்கும் பார்டர் கோலியிடம் கண் வைப்பதும் துரத்துவதும் மிகுதி. அதற்குமேல் போனால் ஆட்டுக்காரருக்கு நஷ்டம். லாப்ரடாரிடம் துரத்தலும் கவ்வலும் நிறைய. கொல்வதும் கிழிப்பதும் மட்டு. இல்லாவிட்டால் பிரபுவுக்கு வாத்து முழுசாக வந்து சேராது. ஓநாயின் வேட்டைக்கு ஒரு முடிவு இருக்கிறது: வயிறு நிறையும், படுத்துக்கொள்ளும். பந்து நாயிடம் அந்த முடிவைத்தான் வெட்டி எடுத்துவிட்டார்கள். கவ்வியாயிற்று, அடுத்து என்ன என்று அதற்குத் தெரியாது. தெரியாததால், தெரிந்தவர்போல் தோன்றும் ஒருவரின் காலடியில் பந்தைக் கொண்டுவந்து போடுகிறது. அவருக்கும் தெரியாது, எறிகிறார். இருவரும் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

முழுப் பழியையும் பிரபுக்கள் மேல் போடவும் முடியாது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா ஹேன்சன் வீட், ஹான்ஸ் டெம்ரின் இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 8 வார வயதுள்ள 13 ஓநாய்க் குட்டிகளுக்கு முன்பின் தெரியாத ஆள் ஒருவர் பந்தை எறிந்து பார்த்தார். மூன்று குட்டிகள் எடுத்துவந்து கொடுத்தன. மீதிப் பத்தும் பரோட்டாக் கடைக் கட்சி.

பந்து நாய் வந்தபின் வீடு எப்படி மாறுகிறது என்று பார்க்கக் குள்ளஞ்சாவடியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். வீட்டுக்காரருக்கு நெய்வேலி என்.எல்.சி.யில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கிறார். கண் அசரும்போது நெஞ்சின்மேல் ஈரமாக ஒன்று விழுகிறது. விழித்தால் அரையடி தூரத்தில் இரண்டு கண்கள். தூங்குகிறவரை எழுப்பிவிட்டோமே என்ற வருத்தம் அவற்றில் துளியும் இல்லை. அவர் பந்தைக் கையால் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுக்கிறார். தள்ளிவிட்டதை நாய் எறிந்ததாகவே கணக்கு வைக்கும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்பை நிறுத்தினால் சுரங்கம் ஏரியாகிவிடும். அந்தச் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்டுவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டிலும் அதே ஏற்பாடு.

மற்றவர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. முருங்கைக்கீரை ஆய்கிற முறத்தில் பந்து விழும். பெரியவர் தினத்தந்தியை விரித்துப் பிடித்திருந்தால் தாளுக்கும் மடிக்கும் நடுவில் விழும். விருந்தாளிகள் முதல் தடவை ஆசையாக எறிவார்கள்: “என்னா அறிவு பாருங்க!” ஐந்தாவது தடவை பேச்சு குறையும். பத்தாவது தடவை கடலூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பார்கள். வேண்டாத விருந்தாளியை இத்தனை மரியாதையோடு வழியனுப்பிவைக்கும் ஏற்பாடு வேறு இல்லை என்பதால், சில வீடுகளில் இந்தக் கோளாறுக்கு வைத்தியம் பார்க்காமலே விட்டுவிடுவதும் உண்டு.

பந்து கடைசியில் போய்ச் சேருமிடம் பீரோவின் அடி. ஒட்டடைக்கோலோடு ஒருவர் குப்புறப் படுத்துத் துழாவ, நாய் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கும். கோல் முதலில் பந்தை இன்னும் உள்ளே தள்ளும். அப்புறம் ரிமோட்டின் பின்மூடி வரும், ஒற்றைக் கம்மலின் திருகு வரும், போன பொங்கலுக்குக் காணாமல்போன சீப்பு வரும். கம்மல் திருகு கிடைத்ததில் வீட்டம்மாவுக்கு உண்டாகும் மகிழ்ச்சியை நாய் தன் பொருட்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கட்டத்தில் பந்தின் பெயரைச் சொல்வது வீட்டில் நின்றுபோகும். “அத உள்ள எடுத்து வைங்கத்தே” என்று மருமகள் மாமியாரிடம் சாடையாகச் சொல்வாள். சில நாளில் நாய்க்குச் சாடையும் பாடமாகிவிடும். தென் கரோலினாவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் வளர்த்த சேஸர் என்ற பார்டர் கோலி, 1,022 பொருள்களைப் பெயர் சொன்னால் தனித்தனியே எடுத்துவந்தது. அந்த ஆய்வு 2011இல் வெளியானது. அவற்றில் 116 பந்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அங்கே ஒரு கிழவர் 116 பெயரைக் கற்றுக்கொடுத்தார். இங்கே ஒரு பெயரை மறைக்க ஒரு குடும்பமே போதவில்லை.

பந்தை ஒளித்தால் உருண்டையாக உள்ளதெல்லாம் பந்தாகும். தென்னங்குரும்பை ஆகும். கூடையிலிருந்து வெங்காயம் ஆகும். அதைத் தின்றுவிட்டால் நாயின் சிவப்பணுக்கள் சிதையும் என்பதால் கூடையை மேலே ஏற்ற வேண்டும். கோடையில் முந்திரி சீசன் வந்தால் தோப்பெங்கும் மஞ்சளும் சிவப்புமாகப் பழம் விழுந்து கிடக்கும். பழத்தால் பெரிய கேடில்லை. அதோடு ஒட்டியிருக்கும் பச்சைக் கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய்தான் தோலைப் பொத்துவிடும். முந்திரி உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொள்வது இதற்காகத்தான். நாய் எல்லாவற்றையும் வாயால் எடுப்பதால் அதற்குத் தடவிவிடவும் வழியில்லை.

இவை எல்லாவற்றையும்விட வீட்டைக் கலக்குவது எலுமிச்சம்பழம். அமாவாசைக்கு யாரோ திருஷ்டி கழித்து, குங்குமம் தடவி, முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பார்கள். தெருவே ஒதுங்கி நடக்கும் அந்தப் பழத்தை நாய் பத்திரமாகக் கவ்விவந்து, பல் பதியாமல், பூஜை அறை வாசலில் வைத்து வாலாட்டும். பாட்டி அன்று பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். பழத்தை வெளியே எறியவும் முடியாது. எறிந்தால் மறுபடி வரும்.

ஊர் முழுக்கத் தெரிகிற கட்டம் கிரிக்கெட்டில் வருகிறது. முந்திரித் தோப்பின் ஓரத்திலோ, மல்லாட்டை பிடுங்கிய கொல்லையிலோ ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து மேட்ச் நடக்கும். நாய் எந்த டீமிலும் இல்லை. ஆனால் எல்லாப் பந்துக்கும் ஓடும். அதன் ஃபீல்டிங்கைக் குறை சொல்ல முடியாது. வெயில் என்று சொல்லாது, பந்து தன் பக்கம் வரவில்லை என்று சொல்லாது, கேட்சை விட்டுவிட்டுச் சூரியனைக் காட்டாது. ஒரே குறை, பந்தைக் கீப்பரிடம் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். “அண்ணே, உங்க நாயி பந்தத் தூக்கிட்டு வந்துடுச்சிண்ணே” என்று இரண்டு டீமும் வாசலில் ஒற்றுமையாக நிற்பது அப்போது மட்டும்தான். திரும்பிப் போகும் பந்து ஒரு பக்கம் ஊறிக் கனத்திருக்கும். பேட்டிங் டீம் ஆட்சேபிக்கும்.

நாய் கவ்விய பந்துக்கு எத்தனை ரன் என்பதில் தோப்புக்குத் தோப்பு சட்டம் வேறு. மெரில்போன் கிரிக்கெட் கிளப் 2022 அக்டோபர் 1 முதல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, மைதானத்துக்குள் வந்த ஆளாலோ விலங்காலோ பொருளாலோ ஒரு தரப்புக்குப் பாதகம் ஏற்பட்டால் அது டெட் பால். பேட்ஸ்மேன் ஓடி முடித்த மூன்று ரன்னை லண்டன் சட்டத்தைச் சொல்லிக் கழிக்கும் தைரியம் உள்ள அம்பயர் குள்ளஞ்சாவடியில் மறு வாரம் அம்பயராக இருக்கமாட்டார். பெரிய மைதானங்களும் தப்பியதில்லை. 2016 நவம்பரில் விசாகப்பட்டினத்தில் இந்தியா–இங்கிலாந்து டெஸ்டின் முதல் நாள், உள்ளே புகுந்த நாய் போக மறுத்ததால் தேநீர் இடைவேளையையே முன்னால் விட்டார்கள். 2021 செப்டம்பரில் அயர்லாந்துப் பெண்கள் டி20 அரையிறுதி ஒன்றில் டாஸில் என்ற குட்டி நாய் பந்தைக் கவ்விக்கொண்டு மைதானத்தைச் சுற்றியது. ஐசிசி அதற்கு ‘மாதத்தின் சிறந்த நாய்’ பட்டம் கொடுத்தது. 1962 உலகக் கோப்பைக் கால்பந்தில், சிலியில் நடந்த பிரேசில்–இங்கிலாந்து காலிறுதிக்குள் புகுந்த நாயை இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸ் மண்டியிட்டுத் தவழ்ந்து பிடித்தார். நாய் அவர் சட்டையிலேயே சிறுநீர் கழித்தது. இங்கிலாந்து 3–1 என்று தோற்றதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

பந்தின் நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. நாயின் கண்ணுக்கு மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்தை அது மூக்கால்தான் கண்டுபிடிக்கிறது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 1972இல் மஞ்சள் பந்தைச் சேர்த்தது கலர் டிவி பார்ப்பவர்களுக்காக. அதனால் கூடுதலாக லாபமடைந்தவர்களிடம் டிவி இல்லை.

பித்து எந்த அளவுக்குப் போகும் என்று பெர்ன், வியன்னா ஆய்வாளர்கள் அளந்தே பார்த்தார்கள். 2025இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்த அந்த ஆய்வில், விளையாட்டுப் பொருளில் மிகுந்த ஆர்வமுள்ள 105 நாய்களைச் சோதித்தார்கள். பொருளைப் பெட்டிக்குள் பூட்டி, பக்கத்தில் தீனி வைத்தார்கள். 33 நாய்களிடம் மனிதரின் அடிமைப் பழக்கத்தை ஒத்த குணங்கள் தெரிந்தன: தீனியைத் திரும்பிப் பார்க்காமல் பெட்டியோடு போராடின, எல்லாவற்றையும் அப்புறப்படுத்திக் கால் மணி நேரம் ஆகியும் அடங்கவில்லை. இதே குணம் மோப்ப நாய்ப் படையில் தகுதி. வெடிமருந்தைக் கண்டுபிடிக்கும் நாய்க்குப் பல இடங்களில் கூலி ஒரு பந்துதான். பந்துக்காக உயிரை விடும் குட்டியாகப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அங்கே போனால் அரசு வேலை, இங்கே இருந்தால் பைத்தியம் என்ற பெயர்.

கெடுதல்களில் முதலாவது வெயில். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பின் சூட்டை வெளியேற்றும். பந்து வாயில் இருந்தால் அதுவும் சரியாக நடக்காது. அக்னி நட்சத்திரத்தில் பகலில் எறிவது நாயைக் கொல்லும் காரியம், ஏனென்றால் மயங்கி விழும்வரை அது ஓடும். டென்னிஸ் பந்தின் மேலுறை குள்ளஞ்சாவடிச் செம்மண்ணைப் பிடித்துக்கொண்டு பல்லை அரத்தால் ராவுவதுபோல் தேய்க்கும். சிறிய ரப்பர் பந்து தொண்டையில் அடைக்கும். சறுக்கி நின்று திரும்பும் ஒவ்வொரு தடவையும் மூட்டு தேயும். வயதாகி நொண்டும் நாய்க்கும் ஆசை மட்டும் தேயாது. முந்திரிச் சருகுக்குள் போன பந்தை நாய்க்கு முன் ஒரு பாம்பு பார்த்திருக்கவும் கூடும்.

நாய் தானாக நிறுத்தாது. எறிபவர்தான் நிறுத்த வேண்டும். வெயில் ஏறுமுன் கொஞ்சம், தாழ்ந்தபின் கொஞ்சம் எறிந்து, கடைசித் தடவைக்குப் பிறகு மண்ணில் தீனியைத் தூவி முகர்ந்து தேடித் தின்ன விட வேண்டும். வேட்டையிலிருந்து வெட்டி எடுத்த முடிவை இப்படி ஒட்டுப்போட்டால் பெரும்பாலான நாய்கள் படுத்துக்கொள்ளும். அதன்பின் பந்து கண்ணில் படக் கூடாது. பலரும் ஃபிரிட்ஜின் மேல் வைக்கிறார்கள்; நாய் ஃபிரிட்ஜைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடும், மோர் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் பந்து எடுக்க வந்தவர்களாகிவிடுவார்கள். பூட்டு உள்ள அலமாரி உத்தமம். சாவி மாட்டும் ஆணியை நாய் கண்டுபிடிக்க ஒரு வாரமாவது ஆகும்.