சேருடா பேராண்டி, சட்டையைப் பார்த்துப் போடு

என்னடா பேராண்டி, சோசலிசக் கட்சியில சேரப் போறியாமே? தாராளமா சேரு. போறதுக்கு முன்னால இந்தக் கெழவன் சொல்றதையும் கொஞ்சம் காதுல வாங்கிக்க.

அரசியல்ல தேறுறது எப்படின்னு கத்துக்க நீ குளுவாங்கைத் தாண்டவே வேணாம். சாமிவேலு 1936ல இங்க பொறந்தவருதான். பால்மரம் வெட்டுன வீட்டுப் புள்ள. 1974லருந்து 2008 வரைக்கும் சுங்கை சிப்புட் எம்.பி. 1979லருந்து 2010 வரைக்கும் ம.இ.கா. கட்சித் தலைவரு. பொதுப்பணி மந்திரி வேற. கழுத்துல விழுந்த மாலைய எண்ணுறதுக்கே ஒரு கிராணி வேணும்.

நீ யாரப் புடிச்சிருக்க? அந்த சோசலிசக் கட்சி டாக்டர் ஜெயக்குமார. நெஞ்சு நோய் பாக்குற படிப்பு படிச்ச மனுசன். சொந்தமா கிளினிக் போட்டு உக்காந்திருந்தா காசு கொட்டியிருக்கும். அவரு என்னடான்னா தோட்டத்து லயத்துல போய், சம்பளம், வீடுன்னு சனங்க பஞ்சாயத்தயெல்லாம் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாரு. 1999ல சாமிவேலுகிட்ட தோத்தாரு, 2004லயும் தோத்தாரு. புத்தியுள்ளவன் அத்தோட வீட்டுக்குப் போயிருப்பான். 2008ல மறுபடி வந்து நம்மூருக்காரரையே 1,821 ஓட்டுல சாய்ச்சுப்புட்டாரு. அதுவும் கெஅடிலான் கட்சிச் சின்னத்த இரவல் வாங்கி! 1998ல தொடங்குன சொந்தக் கட்சிக்குப் பதிவு கெடைக்கவே பத்து வருசம் ஆச்சு.

ஜெயிச்சாச்சு, இனிமே சொகுசுதானேன்னு நெனைக்காத. 2011ல பிரச்சாரத்துக்குப் போன கட்சிக்காரங்கள பினாங்குப் பக்கம் மறிச்சு, 30 பேர அள்ளிட்டுப் போனாங்க. சிக்குன ஆயுதம் என்ன தெரியுமா? டீ-சட்ட! சே குவேரா, கம்யூனிஸ்டுத் தலைவரு சின் பெங் மூஞ்சி போட்டது. மாமன்னர் மேல போர் தொடுக்கப் போறாங்கன்னு பேச்சு கெளம்பிருச்சு. டாக்டரையும் சேத்து ஆறு பேர அவசரகாலச் சட்டத்துல ஏறக்கொறைய ஒரு மாசம் உள்ள வச்சாங்க. அதனால, சட்ட வாங்குனா பூப் போட்டதா வாங்கு.

இன்னொண்ணு, அந்தக் கட்சியில தேர்தல்ல நிக்கிறவங்க சொத்துக் கணக்க ஊரறியக் காட்டணும். உன் பழைய மோட்டாரும் அதுக்குக் கட்ட வேண்டிய மிச்சத் தவணையும் ஊர் சிரிக்க வெளிய வந்துரும். கல்யாணம் முடியட்டும், அப்புறமா நில்லு.

2013லயும் டாக்டரு ஜெயிச்சாரு. 2018ல, நாடே ஆட்சிய மாத்துன வருசத்துல, சொந்த முஷ்டிச் சின்னத்துல நின்னாரு. வைப்புத் தொக பத்தாயிரம் வெள்ளியும் போச்சு! அதே ஊரு, அதே டாக்டரு. ஒடம்புக்கு முடியலன்னா சனம் மனுசனத் தேடும். ஓட்டுச் சீட்டக் கையில குடுத்தா சின்னத்தத் தேடும். நான் மட்டும் என்ன, அறுபது வருசமா அப்படித்தானே கோடு போடுறேன்.

ஆகட்டும், நீ நின்னா எங்கிட்டயும் ஓட்டுக் கேட்டு வருவ. வரும்போது ஸ்டேஷன் கடையில ரெண்டு கோப்பி கட்டிக்கிட்டு வா. ஓட்டுப் போடுற அன்னைக்கு என் மூக்குக் கண்ணாடிய மட்டும் எங்கயாவது ஒளிச்சு வச்சிரு. உன் அதிர்ஷ்டம், கை எங்க போகுதோ அங்க கோடு!