பரண் புராணமும் பதினொரு கூண்டுகளும்

பாயிரம்

சங்கீதத்துக்கும் சிற்பத்துக்கும் யானை வைத்தியத்துக்கும், ஏன், களவுக்குங்கூடச் சாஸ்திரம் வகுத்துவைத்த இந்நாட்டில், ஐப்பசி பிறந்து வானம் மூடிக்கொண்டவுடன் கரையோரத்து இல்லந்தோறும் தவறாது நிகழ்ந்துவரும் ஒரு வைபவத்துக்கு, அதாவது மின்சாரம் போகப்போகிறது என்று தெரிந்த பிறகு டார்ச் விளக்கைத் தேடப் புகுவதும், புகுந்த இடத்தில் டார்ச் நீங்கலாக மற்ற யாவும் அகப்படுவதும், அகப்பட்டவற்றைத் தட்டித் துடைத்து அடுக்கப்போய் ஓராண்டில் காணாத சுத்தத்தை அவ்வீடு ஓரிரவில் காண்பதுமாகிய வைபவத்துக்கு, இதுகாறும் ஒரு சூத்திரமோ பாஷ்யமோ இயற்றப்படாதிருப்பது நம் பண்டித வர்க்கத்துக்கு நேர்ந்த பெரிய குறையேயாகும். அக்குறையை நீக்குவதே இச்சிறு நூலின் நோக்கம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2018 நவம்பரில் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்த கஜாவும் பரிகாசத்துக்கு அப்பாற்பட்டவை. ஆகையால் நம் ஆராய்ச்சி வாசற்படிக்கு உள்ளேயே நின்றுகொள்கிறது.

முதற்கண் காலம். தமிழர் வீட்டுப் பஞ்சாங்கத்தில் ஒட்டடை அடிக்கும் மகோற்சவங்கள் இரண்டு: ஆயுத பூஜை ஒன்று, போகி மற்றொன்று. வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பரோடு ஓய்ந்துவிடுவது. எனவே முதல் உற்சவம் மழைக்கு முன்னும் இரண்டாவது மழைக்குப் பின்னுமாக நின்று, புயற்காலம் முழுவதையும் இரு கரைபோல அணைத்துக்கொண்டிருக்கின்றன. இது முன்னோரின் தீர்க்கதரிசனமா, தற்செயலா என்னும் வினாவில் இறங்குவோர் இறங்குக. நமக்கு வேண்டுவது, ஆயுத பூஜைக்குப் பரணிலிருந்து இறக்கியதை மறுநாளே பழையபடி ஏற்றிவிடும் வழக்கத்தால் முதற்கரை உடைந்துபோகிறது என்னும் உண்மை மட்டுமே. சந்தனப் பொட்டிட்டு வணங்கப்பட்ட ஸ்குரூ டிரைவர் அடுத்த வாரம் ஜன்னல் கொக்கியை முடுக்கத் தேவைப்படும்போது அகப்படுவதில்லை என்பதை யார்தான் அறியார்?

கூண்டிலக்கணம்

‘பாம்பனில் ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’ என்று செய்தித்தாளில் வாசித்து, கூண்டென்றால் கிளிக்கூண்டு போலும் என்று எண்ணியிருப்போரின் நன்மைக்காகச் சிறிது விரித்துரைப்போம். 1864-ல் கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று சூறையாடிய பிறகு, அடுத்த ஆண்டே அத்துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875-ல் இந்திய வானிலைத் துறை தோன்றிற்று. இன்று நம் துறைமுகங்களில், பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்களாலும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளாலும் உணர்த்தப்படும் கூண்டுகள் மொத்தம் பதினொன்று. அவற்றுள் ஒன்றும் இரண்டும் தொலைகடலில் நிகழ்வதை அறிவிப்பன. மூன்றும் நான்கும் அத்துறைமுகத்துக்கே உரிய எச்சரிக்கைகள். ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பேரபாயம். பதினொன்றோ, எச்சரிக்கை நிலையத்தோடு செய்தித்தொடர்பே அற்றுப்போயிற்று என்பதற்கு அடையாளம்.

துறைமுகத்துக்கு உள்ள இந்தப் பாக்கியம் இல்லத்துக்கு இல்லாதிருப்பானேன்? ஆகவே இல்லக் கூண்டுகளை நாமே ஏற்றுவோமாக.

ஒன்றாம் கூண்டு: அந்தமானுக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. குடும்பத் தலைவர் வாசலுக்கு வந்து வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, “வரட்டும், பார்த்துக்கலாம்” என்று திருவாய் மலர்ந்தருளுவதோடு இந்நிலை முடிவடைகிறது. இரண்டாம் கூண்டு: நாமகரணம். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டிப் புயலென்னும் பதவியை அடைந்த பின்னரே, பல நாடுகள் கூடித் தயாரித்த பட்டியலிலிருந்து அதற்குப் பெயர் சூட்டுவது இக்கடலில் 2004 முதல் உள்ள மரபு. பெயரில்லாத தாழ்வு மண்டலத்தை மதியாதவர்கள் பெயர் வந்தவுடன் மதிக்கத் தொடங்குகிறார்கள். மூன்றாம் கூண்டு: தெருமுனைக் கடையில் பாலும் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் தீர்ந்துபோதல், கடைக்காரரிடம் எஞ்சியிருப்பது பிறந்தநாள் கேக்கில் குத்தும் மெழுகுவர்த்தி மட்டுமே.

நான்காம் கூண்டில் ஏணி வருகிறது. இதுவே நம் சாஸ்திரத்தின் கர்ப்பக்கிருகம். பரணில் ஏறியவர் கீழே இறக்குவனவற்றின் வரிசையைக் கவனிக்க வேண்டும்: மூடி இல்லாத பாத்திரம் ஒன்று, பாத்திரம் இல்லாத மூடிகள் பல, கொலுப்படிப் பலகை, யாருடையதென்று தெரியாத திருமணத்தின் தாம்பூலப் பைகள், நின்றுபோன சுவர்க் கடிகாரம், கடைசியாகக் கறுத்துப்போன குத்துவிளக்கு. வெளிச்சத்தைத் தேடிச் சென்றவர்க்கு விளக்கே கிடைத்துவிட்டதால் வீட்டார் மகிழ்ந்து, அதைப் புளி தேய்த்துத் துலக்க உட்காருகிறார்கள். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைத்து விளக்கு பொன்னாகப் பளபளக்கும் நேரத்தில், வெளியே காற்று மாமரத்தை உலுக்கிக்கொண்டிருக்கிறது. ஏணி கிடைத்ததை உத்தேசித்து ஒருவர் பழைய தலையணை உறையை மின்விசிறியின் இறக்கையில் மாட்டி இழுத்து, தூசியெல்லாம் கட்டிலில் கொட்டாமல் உறைக்குள்ளேயே தங்கும்படி துடைத்தும் விடுகிறார்.

டார்ச்சும் இறுதியில் அகப்படுகிறது. அதன் பின்மூடியைத் திருகினால் திருகு நகராது. துணியைச் சுற்றிப் பலங்கொண்டு திறந்தால், சென்ற ஆண்டு உள்ளேயே விட்ட பாட்டரிகள் கசிந்து, சுருள்கம்பியின்மீது வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, உலோகத்தோடு உலோகமாய் ஒட்டிக்கொண்டிருக்கும். இதனாற் பெறப்படும் விதி: மழைக்காலம் முடிந்ததும் பாட்டரியை வெளியே எடுத்து, டார்ச்சோடு சேர்த்து ஆனால் டார்ச்சுக்கு வெளியே வைக்க வேண்டும்.

ஐந்து, ஆறு, ஏழாம் கூண்டுகள் துறைமுகத்தில் புயலின் பாதையைச் சுட்டுவன: துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுச் செல்லுமா, வலப்புறம் விட்டுச் செல்லுமா, நேரே வந்து கடக்குமா என்று. இல்லத்தில் இவை நீர் வரும் மார்க்கங்களைக் குறிக்கும்: ஜன்னல், வாசற்படி, மொட்டைமாடி. முதலிரண்டுக்கும் கொக்கியும் கோணிப்பையும் போதும். மூன்றாவதோ ஆழ்ந்த விசாரணைக்குரியது. மாடியின் மூலையிலுள்ள வடிகால் ஓட்டையைக் குனிந்து பார்த்தவர் சிலரே; பார்த்தால், வேப்பஞ்சருகு, காக்கை இறகு, வடாம் காயவைத்த பிளாஸ்டிக் தாளின் கிழிசல், பால் பாக்கெட்டின் வெட்டிய முனை ஆகிய நான்கும் மண்ணில் குழைந்து, தேர்ந்த கொத்தனார் அடைத்ததுபோல் அடைத்துக்கொண்டிருக்கக் காணலாம். ஆயிரம் சதுர அடி மாடியில் நான்கு அங்குலத் தண்ணீர் தேங்கினால் அதன் எடை ஒன்பது டன்னுக்கு மேல் என்று கணிதம் சொல்லுகிறது. ஒரு பால் பாக்கெட்டின் முனை ஒன்பது டன்னைத் தாங்கி நிறுத்துகிறது என்றால், அற்பப் பொருள்களை ஆராயும் எம்மைப் போன்றோரின் தொழிலுக்கு வேறு நியாயம் வேண்டுமோ? ஓட்டையைக் குத்திவிட்டுக் கீழே இறங்கும்போதே பூந்தொட்டிகளையும் தகரங்களையும் இறக்கிவிடுவது நன்று. எட்டாம் கூண்டுக்குப் பிறகு அவை தாமே இறங்கும், ஆனால் அண்டை வீட்டில்.

எட்டு, ஒன்பது, பத்து: மின்சாரம் நின்றது. இந்நேரத்தில் நினைவுக்கு வருவன எல்லாம் மின்சாரம் இருந்தபோது செய்திருக்க வேண்டியவை: மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றுதல், குடிநீர் பிடித்து மூடிவைத்தல், கைப்பேசிகளுக்குச் சார்ஜ் போடுதல், இட்லிக்கு அரைத்தல். பதினோராம் கூண்டு செய்தித்தொடர்பு அறுதல். வீட்டிலிருப்போர்க்குத் தம் தெருவில் என்ன நடக்கிறதென்று தெரியாது; துபாயில் இருக்கும் மகன் மட்டும் தொலைக்காட்சியில் அதே தெருவை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

பூர்வபட்சங்கள்

புயற்சாமான்களை எங்கே வைப்பது என்பதில் மூன்று மதங்கள் பிரசித்தமானவை. பரண்வாதிகள், உயரத்தில் இருப்பது வெள்ளத்துக்கு எட்டாது என்பர். இருட்டில் மனிதருக்கும் எட்டாது என்பதை அவர்கள் கருதவில்லை. கட்டிலடி மதத்தார், கைக்கு எட்டுவதே பிரதானம் என்பர். தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் முதலில் நனைவது அதுவே என்பதை மறந்தனர். மூன்றாமவர் ஃபிரிட்ஜ் தலைவாதிகள். மருந்துச் சீட்டும் மின்கட்டண ரசீதும் ஒற்றைச் சாவிகளும் வாழும் அந்த உச்சியில் எதை வைத்தாலும் அது ஒரு வாரத்தில் அடியில் போய்விடுவதால், அம்மதம் தன்னைத்தானே கண்டித்துக்கொள்கிறது.

சித்தாந்தம்

காண்டல், கருதல், உரை என்னும் பிரமாணங்கள் மூன்றனுள், நம் வீடுகளில் ஒரு பொருள் இருக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் உரை ஒன்றே சான்று. “அங்கேதான் இருக்கும்” என்பது அவ்வுரை. சொல்பவர் பாட்டியாயினும் பேரனாயினும் அவ்வாக்கின் அதிகாரம் குறைவதில்லை. கேட்பவர் மும்முறை துழாவி “இல்லையே” என்றால், சொன்னவர் எழுந்து வந்து ஒரே முயற்சியில் எடுத்துக் கொடுத்துவிடுவதுமுண்டு. இதிலிருந்து நாம் துணியும் சித்தாந்தமாவது: ஒரு பொருள் வீட்டில் இருத்தல் வேறு, வேண்டியபோது கிடைத்தல் வேறு, இருத்தலைக் கிடைத்தலாக மாற்றும் கிரியைக்கே சுத்தம் என்று பெயர். தூசி போவது அதன் உபபலன். புயலோ, அக்கிரியையை நாம் செய்தோமா என்று ஆண்டுதோறும் வந்து கேட்கும் பரீட்சகர்.

ஆகவே பரணும் வேண்டா, கட்டிலடியும் வேண்டா. இறுக மூடும் பிளாஸ்டிக் வாளி ஒன்றை வாசற்கதவின் அருகே, நின்றவாறே கை எட்டும் உயரத்தில் தொங்கவிடுக. அதனுள் டார்ச்சும் தனியே பாட்டரியும், சிறு டப்பாவில் தீப்பெட்டியும் மெழுகுவர்த்தியும், அன்றாட மாத்திரைகளும் உப்பு சர்க்கரைப் பொட்டலமும், பாலிதீன் உறையில் ரேஷன் அட்டையும் பட்டாவும் பள்ளிச் சான்றிதழ்களும் வைக்கப்படுக. பரீட்சை எளிது: ஓரிரவு எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, வீட்டிலேயே மூத்தவரையும் இளையவரையும் அனுப்பித் தீப்பெட்டியை எடுத்துவரச் சொல்லுக. இருவரும் எடுத்துவந்தால் அவ்வீடு சுத்தமான வீடு, மூலையில் ஒட்டடை இருப்பினும்.

உத்தரகாண்டம்

புயலின் கண் தலைக்கு மேலே கடக்குமானால், நடுவே காற்று அடங்கிப் பேரமைதி நிலவும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைக் கடந்தபோது இவ்வமைதியை நகரம் கண்டது. ‘விட்டுவிட்டது’ என்று வேடிக்கை பார்க்கத் தெருவில் இறங்குவோர் அறிய வேண்டியது, கிழக்கிலிருந்து நம் கரைக்கு வரும் புயல் முதற்பாதியில் வடக்கு ஜன்னலையும், கண் கடந்த பின் திரும்பி வந்து தெற்கு ஜன்னலையும் பரீட்சிக்கும் என்பதே.

வீட்டுக்குள் நீர் புகுந்து வடிந்திருந்தால், மெயின் சுவிட்சை அணைக்காமல் துடைப்பத்தைத் தொடலாகாது. நனைந்த சுவிட்சுகளை மின்பணியாளர் பார்த்த பிறகே மின்சாரம் வரலாம். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரும் மூடியிருக்க வேண்டும். சேற்றை ஈரத்தோடு வழித்துவிடுக. காய்ந்தால் அது தரையின் பகுதியாகிவிடும். பின்னர் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவுக. இவ்விடத்தில் பரிகாசத்தைச் சற்றே நிறுத்தி ஒன்று சொல்லுகிறோம்: கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கற்க. அவை கூடினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டும் அழுக்கை நீக்குபவை, சேர்ந்தால் இருமடங்கு நீக்கும் என்னும் அநுமானம் தர்க்கத்தில் அழகாயிருக்கலாம். ரசாயனம் அதை ஏற்பதில்லை. வெள்ளநீர் கலந்த தரைத்தொட்டியை இறைத்துக் கழுவுக; அதுவரை குடிநீரைக் கொதிக்கவைத்தே அருந்துக.

நூற்பயன்

இந்நூலை ஓதி அதன்வழி நிற்போர் ஒழுகாத கூரையும், ஓடும் வடிகாலும், இருட்டிலும் கைக்கு அகப்படும் தீக்குச்சியும் பெற்று வாழ்வர். ஓதுவதோடு நிறுத்திக்கொள்வோர்க்கும் பயன் அறவே இல்லையென்று சொல்ல இயலாது: அடுத்த கூண்டு ஏறும் இரவில் அவர்கள் மெழுகுவர்த்தியைத் தேடுகையில், தேடித் தேடி அலுத்து மறந்துபோன சென்ற ஆண்டின் ரசீதும், மூன்று மூடிகளும், இக்கட்டுரை வந்த இதழும் ஒருங்கே கிடைக்கும், இதழைப் பற்றவைத்தாவது வெளிச்சம் காணலாம் என்றால், தீப்பெட்டி அங்கேதான் இருக்கும்.