விரித்த நோட்டும் வீட்டுப் பூனையும்: ஓர் ஆய்வு

வீட்டிலேயே படிக்கும் பிள்ளை கணக்கு நோட்டை விரித்ததும் பூனை வந்து அதன்மேல் படுத்துக்கொள்வதை இடையூறு என்றே எல்லோரும் சொல்லி வருகிறார்கள். அது மேற்பார்வை. பிள்ளையின் கண் எங்கே நிலைக்கிறதோ அங்கேதான் பூனை அமரும் என்பது இக்கட்டுரையின் துணிபு. அலமாரியில் தூசி படிந்த இலக்கண நூலை எந்தப் பூனையும் சீந்துவதில்லை. பிற பிராணிகளை இங்கே சேர்க்கவில்லை. நாய்க்குத் தபால்காரர்மேல் உள்ள அக்கறை பின்னக் கணக்கின்மேல் கிடையாது. பச்சைக்கிளி வாய்ப்பாட்டை என்னதான் அழகாக ஒப்பித்தாலும், அதை வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆய்வாளர் ஜெயிலுக்குப் போக முடியாது.

சூட்டுக்காகத்தான் வருகிறது என்பது ஒரு கட்சி. 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை பூனைக்குச் சுகமான வெப்பம் என்பது மெய்தான். லேப்டாப்பின்மேல் படுப்பதற்கு அது காரணமாகலாம். ஆனால் சித்திரை மாதத்து மதுரையில், கட்டுரை நோட்டுக்கென்று தனிச் சூடு ஏது? சதுரத்தைக் கண்டால் உட்காரும் என்பது மறுகட்சி. தரையில் சதுரம்போல் கண்ணுக்கு மாயம் காட்டினாலே பூனைகள் உள்ளே போய் உட்காருகின்றன என்று 2021இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 500க்கும் மேற்பட்ட பூனைகள் பெயர் கொடுத்து, 30 மட்டுமே கடைசிவரை நின்ற ஆய்வு அது. இடைநிற்றல் விகிதம் எந்தப் பள்ளியையும் தலைகுனிய வைக்கும். போகட்டும். பக்கத்திலேயே மூடிக்கிடக்கும் நோட்டுக்கும் நான்கு மூலைதானே? அதை ஏன் பூனை தொடுவதில்லை?

வரலாறும் நம் பக்கமே. குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக் ஆவணக் காப்பகத்தில், 1445இல் எழுதிய ஏடொன்றில் பூனையின் மைத்தடங்கள் குறுக்கே நடந்து போகின்றன. அன்று எழுதிக்கொண்டிருந்த பக்கத்தைத்தான் அது மிதித்திருக்கிறது. காய்ந்த பக்கத்தில் நடந்திருந்தால் தடமே பதிந்திருக்காதே என்று சிலர் மடக்கக்கூடும். அவர்கள் வீட்டில் பூனை இல்லை என்பது தெளிவு.

பூனைக்குக் கல்வியில் என்ன தகுதி என்றும் கேட்கலாம். அமெரிக்க இயற்பியலாளர் ஹெதரிங்டன் தனியாக எழுதிய கட்டுரையில் 'நாங்கள்' என்று போட்டுவிட்டார். மறுபடி தட்டச்சு செய்ய அலுத்துத் தம் சயாமியப் பூனையையே இணையாசிரியராக்கினார். 1975இல் 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' அதை அப்படியே வெளியிட்டது. நம்மில் எத்தனை பேருக்கு அந்த இதழில் பெயர் வந்திருக்கிறது?

ஆகவே பெற்றோரே, பூனை நோட்டின்மேல் படுத்திருக்கும்வரை நிம்மதியாகச் சமையலைக் கவனியுங்கள். அது எழுந்து ஜன்னலோரம் போய்த் தூங்கிவிட்டதென்றால், பிள்ளையின் கையில் இருப்பது என்ன என்று உடனே போய்ப் பாருங்கள்.